தேய்பிறை நவமியில் ஓர் இலை

மூன்றாம் தரமும் கூட்டியாயிற்று. அறையில் மண் திரும்பவும் இருந்தது.

வாசலால் வந்த மண் என்றால் குலசிங்கம் பேசாமல் கூட்டித் தள்ளியிருப்பான். உப்புவெளியில் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பங்குனிக் காற்று மணலை வாரிக்கொண்டு வந்து கதவிடுக்குகளில் குவித்துவிட்டுப் போகும். ஆனால் இந்த மண் அறையின் நடுவில் கிடந்தது. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில், ஒரு ஆள் சப்பாணி கட்டி இருக்கக்கூடிய அளவுக்கு, வட்டமாக. காற்று கொண்டுவரும் மணல் உலர்ந்து வெளுத்திருக்கும். இது கறுத்து, ஈரமாக, கிணறு வெட்டும்போது அடியிலிருந்து வரும் மண்ணின் மணத்தோடு இருந்தது.

அவன் விளக்குமாற்றை மறுபடி எடுத்தான்.

"இன்னும் எத்தினை தரம் கூட்டப் போறியள்?" என்று கேட்டாள் பத்மாசனி.

"மண் போகுமட்டும்."

"டொக்யாட்டிலைதான் வேலை எண்டால், வந்த இடத்திலையும் வேலையோ?"

அவன் மனைவி யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். யன்னலில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி முழுவதும் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தது. ஜப்பான்காரன் வருகிறான், கடலுக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்று போன வருடம் ஒட்டியது. குண்டு விழுந்து ஒரு வருடமாகியும் கட்டளை மாறவில்லை, கடதாசியும் மாறவில்லை. பொழுது சாய முன்னமே அறை இருண்டிருந்தது.

குலசிங்கம் துறைமுக டொக்யாட்டின் களஞ்சியத்தில் கிளாக்கர். கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய வீடு போன வருடக் குண்டில் போய்விட்டது. அன்றிலிருந்து பத்மாசனியின் அக்கா இரத்தினேஸ்வரி வீட்டில் ஒதுக்கிடம். இரண்டு அறை, ஒன்பது பேர். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே. அவன் விறாந்தையில், குறட்டை விடும் சகலனுக்குப் பக்கத்தில். ஒரு வருடமாக அவன் தன் மனைவியோடு தனியாகக் கதைத்தது கிணற்றடியில்தான், அதுவும் வாளி நிரம்பும் நேரத்துக்குள்.

வியாழக்கிழமை அக்கா குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறுகிறது. பத்மாசனிக்கும் சேர்த்து ரிக்கற் எடுத்தாயிற்று. அவனால் போக ஏலாது. யுத்தம் முடியும்வரை துறைமுகத்து ஆட்களை விடமாட்டார்கள். யுத்தம் எப்போது முடியும் என்று வெள்ளைக்காரனுக்கே தெரியாது. அவளைப் போகாமல் மறிக்க அவனிடம் இருந்தது ஒரு நாள் லீவு. செவ்வாய்க்கிழமை. இன்று.

மேலதிகாரியாக இருந்த துரை தன் மனைவியின் பிறந்தநாளுக்கு அவளை மலைநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அதைப் பார்த்துத்தான் குலசிங்கத்துக்கு இந்த யோசனை வந்தது. மலைநாடு வேண்டாம். சாத்தக்கூடிய கதவு ஒன்று இருந்தால் போதும்.

பக்கத்து மேசை அப்துல் மஜீத் திறப்பைக் கொடுத்தார். கட்டட வேலை எடுக்கிற கொந்தராத்துக்காரர் இராசநாயகத்தின் வீடு. குண்டு விழுந்த கையோடு குடும்பம் யாழ்ப்பாணம் போய்விட்டது; வீட்டைப் பார்க்கிற பொறுப்பு மஜீத்துக்கு.

"மூண்டு வருசத்துக்குப் பிறகு தேனிலவோ, ஐசே?" என்று மஜீத் கண்ணடித்தார். "கட்டில் இருக்கு. மெத்தையை எலி திண்டிருக்கும், அதுக்கு நான் பொறுப்பில்லை. ஒண்டு மட்டும். வளவிலை குண்டுக்குப் பதுங்க வெட்டின கிடங்கு இருக்கு. மேலை போட்ட கூரைத் தகரத்தோட இடிஞ்சு தூந்து போச்சு. இருட்டிலை அந்தப் பக்கம் கால் வைச்சால் முறியும்."

"வீட்டிலை வேற ஆரும் இல்லையே?"

"குண்டு விழுந்தண்டைக்கு எல்லாரும் ஓடிட்டினம். குசினிப் பொம்பிளை புஷ்பவதியைத்தான் காவலுக்கு விட்டவை. பிறகு பாத்தால் அவளும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போட்டாள். பெட்டி கூடக் குசினியிலை கிடக்கு."

"தேடேல்லையோ?"

"ஆர் தேடுறது? அவளுக்கு ஆக்கள் இல்லை."

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டவர்கள் வந்து சேர்ந்தபோது பகல் ஒன்றரை. சாம்பல்தீவுப் பஸ் பத்து மணிக்குத்தான் வந்தது. சல்லிக் கிராமத்துச் சனம் நிறைந்திருந்தது. பாதி வழியில் சென்றிக்காரன் எல்லாரையும் இறக்கினான். பத்மாசனியின் உடுப்புப் பையைத் துப்பாக்கி முனையால் கிளறி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. நெருப்புப்பெட்டியில் நாலு குச்சியை மட்டும் விட்டுத் திருப்பிக் கொடுத்தான். பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போயிற்று. மிச்சத்தை வெயிலில் நடந்தார்கள். அதன் பிறகு அவள் அவனோடு கதைக்கவில்லை.

இப்போதுதான் வாய் திறந்திருக்கிறாள்.

"இதுக்கெல்லாம் என்ன தேவை? இண்டைக்கு என்ர பிறந்தநாளே இல்லை."

"திரும்பத் தொடங்காதையும்."

"என்ர நட்சத்திரம் திருவோணம். அது நாளையிண்டைக்கு, வியாழக்கிழமை."

"உம்முடைய சாதகத்திலை நானே பாத்தனான். பங்குனி, தேய்பிறை நவமி. இண்டைக்கு நவமி."

"பிறந்ததுக்குத் திதி பாக்கிற மனிசன் உலகத்திலை நீங்கள் ஒராள்தான். திதி பாக்கிறது செத்தவைக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "போன வருசம் குண்டு போட்டதும் இதே நவமிதான். இண்டைக்குத்தான் அதிலை செத்த சனத்துக்கெல்லாம் வருசம் முடியிற ஆட்டைத் திவசம். பஸ்ஸிலை கதைச்சது கேக்கேல்லையோ? வாழையிலை கட்டுக்கட்டாக் கொண்டு போச்சினம்."

அவனுக்குத் தெரியும். லீவு கிடைத்த பிறகுதான் சாதகத்தைப் புரட்டினான். நட்சத்திரம் பொருந்தவில்லை, திதி பொருந்தியது. பொருந்தியதை எடுத்துக்கொண்டான்.

"நாளையிண்டைக்கு நீர் ரயிலிலை இருப்பீர்," என்றான். "உமக்கு நட்சத்திரம் வரும்போது நான் களஞ்சியத்திலை ஆணி எண்ணிக்கொண்டிருப்பன். எனக்கு இருக்கிறது இண்டைக்கு மட்டும்தான்."

அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

"போகாதையும். இந்த வீட்டை மஜீத் வாடகைக்கு எடுத்துத் தருவார். நான் சைக்கிளிலை போய் வருவன். என்னோட இரும்."

சொல்லிவிட்டான். ஒரு வருடமாகக் கிணற்றடியில் சொல்ல நினைத்தது.

பத்மாசனி கதிரையிலிருந்து எழுந்தாள். "கசகசக்குது. குளிச்சிட்டு வந்து சொல்லுறன்."

"இப்ப சொன்னால் என்ன?"

"குளிச்சிட்டு வந்து."

அவன் பையிலிருந்து வாசனைச் சவர்க்காரத்தை எடுத்து நீட்டினான். கன்ரீனில் ஒரு மாதமாகச் சொல்லி வைத்து வாங்கியது. அவள் மணந்து பார்த்தாள்.

"எனக்கோ?"

"இல்லை, மஜீத்துக்கு."

அவள் சிரித்தாள். அன்று முதல் தரம். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள். "நான் வருமட்டும் ஒண்டும் செய்யாதையுங்கோ. படையல் மாதிரிப் பரப்பி வைச்சிடாதையுங்கோ. உங்களைத் தெரியும்."

பின்கதவால் போனாள். சற்று நேரத்தில் கப்பி கிரீச்சிட்டது. வாளி தண்ணீரில் விழுந்தது.

குலசிங்கத்துக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. காலையிலிருந்து காத்திருந்ததே போதும். பஸ்ஸுக்கு, சென்றிக்கு, அவள் வாய் திறக்க. அவள் குளித்துவிட்டு வரும்போது விளக்கும் சோறும் தயாராக இருந்தால், இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு லேசாக இருக்கும் என்று நினைத்தான்.

ஒரு குச்சியில் அடுப்பை மூட்டிச் சமையலை மூன்று மணிக்கே முடித்திருந்தான். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, இரண்டு வாரப் பங்கீட்டுச் சீனியை மிச்சம் பிடித்து வைத்த பாயாசம். அவனுக்குத் தனியாகச் சமைக்கத் தெரிந்தது இவ்வளவுதான். சின்ன வயதில் தாய் போய்விட்டாள், ஒரே மகன், கலியாணத்துக்கு முன் அப்பாவின் திவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் அவனே சமைத்து அவனே படைத்தான். குசினியில் சட்டியை எடுக்கக் குனிந்தபோது தட்டுக்குக் கீழே தகரப் பெட்டி தெரிந்தது. மேலே ஒரு சீப்பு. அதில் நீளமாக ஐந்தாறு மயிர் சுற்றியிருந்தது. அவன் பார்க்காததுபோல் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அறையின் நடுவில் மண். நாலாம் தரம் கூட்டினான். ஈரம் தரையில் வட்டமாகத் தங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் பாய் விரிக்க வசதி. பாயை விரித்து இலையைப் போட்டான். தண்ணீர் தெளித்தான். விளக்கைக் கொளுத்த இரண்டு குச்சி அணைந்து மூன்றாவது பிடித்தது. சோற்றை வைத்தான். வலப்பக்கம் பாயாசம். கைகள் யோசிக்காமல் ஓடின. பழகிய வரிசையில் ஓடின. எல்லாம் வைத்து முடிந்ததும் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்றுதான் சாத்தினான். ஆனால் சாத்திய கதவுக்கு முன்னால் கைகட்டி நின்றபோது அந்த நிற்பு அவனுக்குப் பழக்கமானதாக இருந்தது. படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, வந்தவர்கள் சாப்பிட்டு முடியட்டும் என்று வெளியே நிற்கிற நிற்பு.

அவன் தலையை உதறினான். கிணற்றுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

"இஞ்சேரும்! வாரும், சாப்பிட வாரும்!"

மூன்று வருடத்தில் அவன் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளும் அவனை அப்படித்தான். ஊரில் எந்தப் புருசனும் பெண்சாதியும் அப்படித்தான். கேட்க வேண்டியவருக்குக் கேட்கும்.

கப்பிச் சத்தம் நின்றது.

பொழுது மங்கிவிட்டது. நடையில் அவனுக்குத் தன் கையே தெளிவாகத் தெரியவில்லை. பின்கதவுப் பக்கமிருந்து ஈரக்கால் சத்தம் வந்தது. மெதுவாக. ஒவ்வொரு அடிக்கும் பிறகு, மூட்டையிலிருந்து மணல் கசிவதுபோல் ஒரு சிறிய சரசரப்பு. அவள் தலையைக் குனிந்தபடி அவனைக் கடந்தாள். ஈரக் கூந்தல் முகத்தை மூடியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை, ஏசவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனாள். இலைக்கு முன் சப்பாணி கட்டி இருந்தாள்.

அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. பின்னால் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு கதவு.

"கோவமில்லையே?" என்று எதிரில் இருந்தான்.

அவள் சாப்பிடத் தொடங்கினாள். வேகமாக. கை இலைக்கும் வாய்க்கும் இடைவிடாமல் போய் வந்தது. இப்படிப் பசியோடு அவள் சாப்பிட்டு அவன் பார்த்ததில்லை. விளக்குச் சிறிது, திரி எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம், முகத்தில் வெளிச்சம் விழவில்லை. மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. நறநறவென்று.

"கல்லுக் கிடக்கோ?"

இல்லை என்று தலையாட்டினாள். கூந்தலிலிருந்து ஏதோ உதிர்ந்து பாயில் விழுந்தது. தண்ணீர் என்று நினைத்தான்.

"அப்ப நான் கேட்டதுக்கு என்ன சொல்லுறீர்? அக்காவோட போறீரோ, என்னோட இருக்கிறீரோ?"

கை நின்றது.

"இருக்கிறன்."

பத்மாசனியின் குரல்தான். கொஞ்சம் கட்டியிருந்தது, நெடுநாள் கதைக்காத தொண்டைபோல. அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. சிரித்தான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு முழுவதும் வெளியே வந்தது. பஸ், சென்றி, வெயில், கூட்டக் கூட்ட வந்த மண், எல்லாம் போகட்டும். வென்றுவிட்டான்.

"உண்மையாத்தானோ?"

"இருக்கிறன். போகமாட்டன்."

அவள் ஒரு பிடி உருட்டினாள். கையை நீட்டினாள். கலியாணம் கட்டிய புதிதில்கூட அவனுக்கு அவள் ஊட்டியதில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

அப்போது கப்பி கிரீச்சிட்டது.

கிணற்றடியில். வாளி விழுந்தது. நிரம்பியது. மேலே வந்தது. யாரோ தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். காற்று யன்னல் இடுக்கால் உள்ளே வந்தது. அதில் சவர்க்கார வாசம் இருந்தது.

எதிரில் இருந்தவளிடம் அந்த வாசம் இல்லை.

அவன் வாய்க்குள் இருந்தது சோறு இல்லை.

ஈரம். குளிர். பல்லில் நறநறத்தது. துப்பப் பார்த்தான். முடியவில்லை. ஒரு பிடிதான் வாங்கினான். நாக்கை மூடியது. கன்னத்தை நிரப்பியது. தொண்டைக்குள் இறங்கியது. இன்னும் வந்தது.

இலையைப் பார்த்தான். சோறு இருந்த இடத்தில் கறுத்த மண் குவிந்திருந்தது. அவள் அதை அள்ளினாள். விரல்களில் நகம் இல்லை. நகம் இருந்த இடங்கள் இருந்தன. பெரிதாக ஒன்றைக் கீறிக் கீறித் தேய்ந்த விரல்கள்.

அவன் பின்னால் தள்ளி எழுந்தான். கதவு. இரண்டு எட்டு.

வெளியே செருப்புச் சத்தம் வந்தது. கதவைத் தட்டினார்கள்.

"இஞ்சருங்கோ. என்ன கதவைப் பூட்டிக்கொண்டு?"

பத்மாசனி.

"சொல்லச் சொல்ல விளக்கைக் கொளுத்தியாச்சு போல. மணக்குது." சிரிப்புக் கலந்த குரல். "கூப்பிட்டது கேட்டது. சவுக்காரம் கண்ணுக்குள்ள போட்டுது, அதுதான் சுணங்கினது. திறவுங்கோ."

தாழ்ப்பாளை இழுத்தான். வந்தது. கதவு வரவில்லை. உட்பக்கம் திறக்கிற கதவு. அதன் அடியில் மண். முழங்கால் உயரத்துக்கு மண். எப்போது வந்தது? அள்ளினான். அள்ளிய பள்ளத்தில் மண் வந்து விழுந்தது.

"கோவமோ? சரி, வெளியில நிண்டே சொல்லுறன். கேளுங்கோ." அவள் கதவோடு வாய் வைத்துச் சொன்னாள். "நான் அக்காவோட போகேல்லை. இருக்கிறன்."

"இருக்கிறன்," என்றாள் இலைக்கு முன்னால் இருந்தவள்.

வெளியே செருப்பு ஒரு எட்டுப் பின்வாங்கியது.

"உள்ள ஆர்?"

அவன் கத்தினான். வாயிலிருந்து மண் விழுந்தது. சத்தம் வரவில்லை.

"ஆர் அது? பொம்பிளைக் குரல் கேட்டுது. உள்ள ஆரை வைச்சிருக்கிறியள்?"

கதவை உள்ளங்கையால் அறைந்தான். மண் அணைந்த பலகை. தலையணையில் அறைந்ததுபோல் இருந்தது.

"என்னைக் குளிக்க விட்டிட்டு... இதுக்குத்தானோ இவ்வளவு பாடுபட்டு வீடு தேடினனீங்கள்?" குரல் உடைந்தது. "நான் அக்காவோட போறன். நீங்கள் இருங்கோ. அவளோட இருங்கோ."

செருப்புச் சத்தம் போயிற்று. நடை. விறாந்தை. படலைச் சங்கிலி. பிறகு கடல் மட்டும்.

யன்னல்.

மண் தொடை வரை வந்துவிட்டது. அதற்குள் நடந்தான். கறுப்புக் கடதாசியில் நகத்தைப் போட்டுக் கிழித்தான். ஒரு வருடப் பசை. கீற்றுக் கீற்றாக வந்தது. வெளியே வளவு இருக்கும். படலை இருக்கும். றோட்டில் அவள் போய்க்கொண்டிருப்பாள். கண்ணாடியை உடைத்தால் போதும்.

கிழித்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் வானம் இல்லை. வளவு இல்லை. மண். கீழிருந்து மேல்வரை இறுகிய மண். அதற்குள் நெளிந்துபோன கூரைத் தகரம் ஒன்று. தகரத்தின் அடியில், வரிசை வரிசையாக, விரலால் கீறிய கோடுகள்.

பின்னால் இலையை வழிக்கும் சத்தம் நின்றது.

அவன் திரும்பினான். விளக்கு இன்னும் எரிந்தது; பாயும் இலையும் விளக்கும் மண்ணோடு மேலே ஏறியிருந்தன. அவள் முகத்திலிருந்து கூந்தலை ஒதுக்கியிருந்தாள். கண் இருக்க வேண்டிய இடத்திலும் வாய் இருக்க வேண்டிய இடத்திலும் கறுத்த ஈரமண் நிறைந்து, மட்டமாக இருந்தது.

அவள் இலையை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு பாயில் கொஞ்சம் நகர்ந்து, அவனுக்கு இடம்விட்டு இருந்தாள்.